மாங்கேணிப் படத்தின் உண்மைப் பிரதி

பெரிய பைல் ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொப்பி பண்ணுவது சின்ன வேலை என்று நாலு வருசம் கம்பஸில் படித்துவிட்டு வந்தவள் நான். படிப்பித்தவர்களைக் குறை சொல்லக்கூடாது. அவர்களில் ஒருவர்கூட எங்கள் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்ததில்லை.

என் பெயர் யசோதினி, ஊர் வெல்லாவெளி. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பழைய மாடிக் கட்டிடத்தில் கரையோர வான்படத் தரவு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒப்பந்த அடிப்படையில் புரோகிராம் எழுதுகிறேன். ஒப்பந்த அடிப்படை என்றால், பிழை நடந்தால் என் பெயரும் நல்லது நடந்தால் பணிப்பாளரின் பெயரும் எழுதப்படும் என்று அர்த்தம். விமானத்திலிருந்து எடுத்த கரையோரப் படங்கள் இருபத்தைந்து வருசத்துக்கு எங்களிடம் இருக்கின்றன. வாகரையிலிருந்து கல்லாறு வரைக்கும் எந்த வளவில் எந்த வருசம் எத்தனை தென்னை நின்றது என்று பார்க்கலாம். ஒரு படமே இருநூறு கிகாபைட் வரும். அந்தப் பாரத்தை ஒரு கொம்பியூட்டர் தாங்காது. அதனால் ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக வெட்டிப் பன்னிரண்டு கொம்பியூட்டர்களில் பிரித்து வைத்து, பன்னிரண்டையும் ஒரே ஆள்போல நடக்கப் பண்ணியிருக்கிறோம். இதைத்தான் கிளஸ்டர் என்பது.

எங்கள் கிளஸ்டருக்கு வயது போய்விட்டது. கொழும்புப் பக்கம் புதிதாக ஒன்று கட்டி, மாதம் முடிய முன் எல்லாப் படங்களையும் அங்கே அனுப்பிவிட்டுப் பழையதை நிற்பாட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. இனிமேல் பொதுமக்கள் ஆராவது படம் கேட்டால், புதுக் கிளஸ்டரில் இருக்கிற படத்தை மட்டும்தான் கொடுக்கலாம். பழையதிலிருந்து கொடுத்தால் அது செல்லாது.

நான் புரோகிராம் எழுதினேன். அது இருபது கூறாகப் பிரிந்து ஒரே நேரத்தில் இருபது துண்டுகளைக் கொண்டுபோகும். கொண்டுபோய் வைத்ததும் இந்தப் பக்கத் துண்டுக்கு ஒரு எண், அந்தப் பக்கத் துண்டுக்கு ஒரு எண் கணக்கிட்டுப் பார்க்கும். துண்டில் ஒரேயொரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த துண்டு, இல்லாவிட்டால் திரும்பவும் கொண்டுபோகும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பெருமை பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம், வடிவான புரோகிராம். எங்கள் கந்தோரில் வடிவாக வேலை செய்த ஒரே ஆள் அதுதான்.

இரண்டாம் திகதி காலையில் சாமித்தம்பி அண்ணன் வந்தார். மாங்கேணியில் கடலுக்குப் போகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருசம் மனுசியையும் வீட்டையும் காணி உறுதிப் பத்திரத்தையும் ஒன்றாக இழந்தவர். பிறகு முகாம், பிறகு சண்டை, பிறகு இன்னொரு முகாம். எல்லாம் முடிந்து ஊருக்குப் போய்ப் பார்த்தால் வளவைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறது. ஹோட்டல் கட்டப்போகிற கொம்பனி ஒன்று, அங்கே ஒருநாளும் ஆட்கள் குடியிருந்ததில்லை என்கிறது. காணி விசாரணை மன்றத்தில் இந்த மாதம் இருபத்தொன்பதாம் திகதி கடைசி விசாரணை.

"ரெண்டாயிரத்து மூண்டுல நீங்க மேலால படம் புடிச்சிரிக்கிறீங்களாம் புள்ள. அதுல என்ட ஊடு இரிக்கும். அத மட்டும் தந்தாக் காணும்" என்றார்.

தேடிப் பார்த்தேன். மாங்கேணி, இரண்டாயிரத்து மூன்று, ஆயிரத்து அறுநூற்றுப் பதினான்கு துண்டுகள். படம் இருக்கிறது.

"இத முதல்ல புதுசுக்கு அனுப்பிட்டு உங்களுக்குத் தாறன் அண்ணன். முப்பத்தஞ்சு நிமிசம்தான். நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த வாயை இன்றைக்கும் அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

அடுத்த நாள் ஆரம்ப விழா. பைல் கொப்பி பண்ணுவதற்கு விழாவா என்று நான் கேட்கவில்லை, எங்கள் கந்தோரில் தண்ணீர்த் தாங்கி கழுவினாலும் விழாதான். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வலைப்பின்னல் வயருக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். வயரையும் சேர்த்து வெட்டிவிடாமல் நான் பக்கத்தில் நின்று காவல் காத்தேன். பணிப்பாளர் கனகசிங்கம் சேர் பேச எழும்பினார்.

"நான் இந்தத் துறைக்கு வந்து முப்பத்தொரு வருசம். இந்த முப்பத்தொரு வருசத்துல ஒரு படத்தக்கூட நான் வெளிய போக விட்டதில்ல. யுத்தம் நடந்த காலத்துல கேட்டாங்க, கடல் வந்த காலத்துல கேட்டாங்க, அழுது கேட்டாங்க. நான் குடுக்கல்ல. அவ்வளவு பொறுப்பாப் பாதுகாத்த செல்வத்தத்தான் இண்டைக்கு அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறம்."

எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற சாமித்தம்பி அண்ணனும் தட்டினார். சேர் விரலை நீட்டிக் கீபோர்டுக்குக் கிட்டக் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"தங்கச்சி, போற கொப்பி சரியான கொப்பிதான் எண்டு ஆர் உறுதிப்படுத்திற?"

"புரோகிராமே பாக்கும் சேர். ரெண்டு பக்கமும் எண் ஒண்டா எண்டு பாக்கும்."

"அந்த எண் கையெழுத்து வைக்குமா?"

"வைக்காது சேர்."

"அதுக்கிட்ட சீல் இரிக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப நாளைக்கு ஒரு பிழை வந்தா நான் ஆரை விசாரிக்கிற? எண்ணையா?"

நிர்வாக உத்தியோகத்தர் உதயரூபன் உடனே சுற்றறிக்கையைப் புரட்டினார். அவருக்குச் சுற்றறிக்கை புரட்டுவது மற்றவர்களுக்கு வெற்றிலை போடுவது மாதிரி. அதில் தெளிவாக இருந்தது: அரச அலுவலகம் ஒன்றில் எடுக்கப்படும் எந்தப் பிரதியும் சமாதான நீதவான் ஒருவரால் 'உண்மைப் பிரதி' என உறுதிப்படுத்தப்படாதவிடத்து அது பிரதியாகக் கருதப்படலாகாது. இந்த நாட்டில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் போட்டோக் கொப்பி எடுத்தாலும் சமாதான நீதவானிடம் கொண்டுபோய்ச் சீல் குத்துகிறோம்தானே. அது கடதாசிக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

"ஒவ்வொரு கொப்பிக்கும் எண்டு போட்டிரிக்கு. உங்கட துண்டு ஒவ்வொண்டும் ஒரு கொப்பிதானே மிஸ்?" என்றார் உதயரூபன்.

"ஓம். ஆனா மொத்தம் தொண்ணூற்றாறாயிரம் துண்டு இரிக்கு."

"அதுக்கு நாங்க என்ன செய்யிற? துண்டாக்கினது நீங்க."

ஓட்டமாவடியிலிருந்து அப்துல் கபூர் மாஸ்டரை அழைத்து வந்தார்கள். இளைப்பாறிய கணித ஆசிரியர், சமாதான நீதவான், மிக நேர்மையான மனிதர். கண்ணால் பார்க்காமல் எதற்கும் சீல் குத்தமாட்டார். அதுதான் வினையாகப் போனது. துண்டைக் கண்ணால் பார்க்க முடியாதே, ஆகவே கடதாசியில் அச்சடிக்கச் சொன்னார். ஒரு துண்டை முழுதாக அச்சடித்தால் ஒரு லொறி கடதாசி வேண்டும் என்று விளக்கினேன். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ஒவ்வொரு துண்டிலும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும் என்று முடிவானது. பழையதில் இரண்டு பக்கம், புதியதில் இரண்டு பக்கம், பக்கத்தில் பக்கமாக வைத்து, மாஸ்டர் கோடு போடுகிற அடிமட்டத்தை வரிக்கு வரி இறக்கிக்கொண்டு ஒப்பிடுவார்.

"இது தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல, இங்கிலீசும் இல்ல. என்ன புள்ள இது?" என்று முதல்நாள் கேட்டார்.

"படம் மாஸ்டர். படத்தை எழுத்தாப் பாத்தா இப்பிடித்தான் இரிக்கும்."

"படமா? சரி, எனக்கென்ன. அங்க எட்டு இரிந்தா இங்கயும் எட்டு இரிக்கணும்."

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் ஒரு எழுத்தையும் விடவில்லை. ஒரு துண்டில் புள்ளி ஒன்று கூடி இருக்கிறது என்று அரைநாள் வேலையை நிறுத்தினார். கடைசியில் பார்த்தால் அது கடதாசியில் வந்து குந்தின இலையானின் பீ. அதற்கு நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இருபது துண்டு ஒன்றாக ஓடுவது தடை செய்யப்பட்டது. மாஸ்டருக்கு இருப்பது ஒரு கை, ஒரு சீல். "முதல்ல போற துண்டு எது, ரெண்டாவது போற துண்டு எது எண்டு ஒரு ஒழுங்கு இல்லாம எல்லாம் ஒண்டா ஓடினா அது கந்தோரா சந்தையா?" என்று உதயரூபன் கேட்டார். பிறகு புரோகிராம் வேலை நேரத்துக்கு வெளியே ஓடுவதும் தடை. மேற்பார்வை உத்தியோகத்தர் இல்லாத நேரத்தில் ஒரு ஊழியர் தனியாக வேலை செய்வது ஒழுக்கத்துக்கு மாறாம். எட்டரைக்குத் தொடங்கவேண்டும், பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் நிற்கவேண்டும், நாலேகாலுக்கு முடியவேண்டும், சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா லீவு. ஒருநாள் புரோகிராம் எட்டு நாற்பதுக்குத் தொடங்கியது. பிந்தியதற்கான காரணத்தை நான் அதற்குப் பதிலாக எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

இவ்வளவும் சேர்த்து ஒரு நாளைக்கு நாற்பது துண்டு போனது. சாமித்தம்பி அண்ணனின் படத்தை வரிசையில் முந்தி விடுவதற்கு விசேட அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதம் நாலு மேசை தாண்டித் திரும்பி வந்தது. அனுமதி கிடைத்தது. ஆயிரத்து அறுநூற்றுப் பதினான்கை நாற்பதால் பிரித்துப் பாருங்கள். வேலை நாளே நாற்பதுக்கு மேல் வரும். விசாரணைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

அவர் இரண்டு நாளைக்கு ஒருக்கா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்து, வாங்குப் பலகையில் குந்தியிருந்து, மாஸ்டர் சீல் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இண்டைவரைக்கும் எத்தனை புள்ள?" என்று கேட்பார். "நூத்தி இருபது" என்றால் தலையாட்டுவார். அவருக்கு அதில் எது வீடு, எது கிணறு என்று தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார். எனக்கு அந்த மனுசனின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

பன்னிரண்டாம் திகதி உதயரூபன் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தார். புதுக் கிளஸ்டரில் ஒவ்வொரு துண்டும் மூன்று இடத்தில் இருந்தது.

"மாஸ்டர் உறுதிப்படுத்தினது ஒரு கொப்பி. மத்த ரெண்டும் ஆர் அனுமதிச்ச?"

"அது கிளஸ்டர்ட வழக்கம். ஒரு டிஸ்க் பழுதானா மத்ததுல இரிந்து எடுக்கலாம் எண்டுதான் மூண்டு வைக்கிற."

"அப்ப டிஸ்க் பழுதாகும் எண்டு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எந்த டிஸ்க், எந்தத் திகதி எண்டு எழுத்துல தாங்க மிஸ்."

மிகைப் பிரதிகள் அகற்றல் குழு என்று மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை நியமித்தார்கள். குழு என் திரைக்கு முன்னால் வரிசையாக நின்றது. நான் கட்டளையை அடித்தேன். இரண்டு இரண்டாக அழிந்தன. மூன்று பேரும் 'எம் கண் முன்னே அகற்றப்பட்டது' என்று கையொப்பமிட்டு, பிஸ்கட் சாப்பிட்டார்கள். மிஞ்சின ஒற்றைக் கொப்பிகளையும் பல கொம்பியூட்டர்களில் சிதறவிடாமல் ஒரே டிஸ்க்கில் அடுக்கச் சொன்னார் உதயரூபன். எண்ணிப் பார்க்க லேசாம். நான் மறுப்புத் தெரிவித்து எழுதினேன். அந்தக் கடிதத்திலும் பிரதி ஒன்று உறுதிப்படுத்தி இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இருபத்தைந்தாம் திகதி அந்த டிஸ்க் செத்தது. சாவதற்கு அது ஆரிடமும் அனுமதி கேட்கவில்லை. உறுதிப்படுத்தப்பட்ட அறுநூற்று நாற்பது துண்டும் போய்விட்டன. நான் கனகசிங்கம் சேரின் அறைக்கு ஓடினேன். அவர் பதறவில்லை. மேசையில் இருந்த கோவையைத் தட்டிக் காட்டினார்.

"சான்றிதழ் போகல்லயே?"

"சேர்?"

"மாஸ்டர் கையெழுத்து வச்ச அறுநூத்து நாப்பது சான்றிதழும் பத்திரமா இரிக்கு. தங்கச்சி, நல்லா விளங்கிக்கொள்ளுங்க. துண்டு இல்லாமச் சான்றிதழ் இரிக்கலாம். சான்றிதழ் இல்லாமத் துண்டு இரிக்கேலாது. நாங்க தொடர்ந்து போவம்."

அன்றைக்குச் சாமித்தம்பி அண்ணன் வந்திருந்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்தக் கோவையையே எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் உண்மைப் பிரதி, உண்மைப் பிரதி என்று இருந்தது. பத்துப் பதினைந்து தாள் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல என்ட ஊடு எங்க புள்ள?"

நான் கோவையை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த நாள் போயா. கந்தோர் பூட்டு. நான் வெல்லாவெளியில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். பழைய கிளஸ்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புரோகிராமை நான் முதலில் எழுதினபடியே, இருபது கூறும் ஒன்றாக ஓட விட்டேன். அம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அவ வெட்டிக் கழுவிச் சட்டியில் போடமுன் ஆயிரத்து அறுநூற்றுப் பதினான்கு துண்டும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. முப்பத்துநாலு நிமிடம். ஒவ்வொரு எண்ணும் சரி. மூன்று மூன்று கொப்பியாக இருந்தன.

படத்தைத் திறந்து மாங்கேணிக் கரையைப் பெருப்பித்தேன். ஓலைக்கூரை ஒன்று, மூன்று தென்னை, ஒரு கிணறு. கிணற்றடியில் ஒரு சின்னப் புள்ளியும் அதன் நிழலும். ஆரோ ஒரு ஆள். இந்தப் படத்தை ஆரும் இல்லை என்று சொல்ல ஏலாது என்று நம்பினேன். இருபத்தெட்டு வயதில் இவ்வளவு வெகுளியாக இருக்கக்கூடாதுதான்.

இருபத்தொன்பதாம் திகதி விசாரணைக்குக் கந்தோர் என்னைத்தான் அனுப்பியது. 'பிரதி பண்ணும் பணி திருப்திகரமாக நடைபெறுகின்றது' என்று அறிக்கை வாசித்துவிட்டு வரச் சொன்னார்கள். நான் அறிக்கையை வாசித்தேன். பிறகு மடிக்கணினியை மன்றத் தலைவருக்குப் பக்கம் திருப்பி வைத்தேன்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். குனிந்து பார்த்தார்.

"அருமையான படம். ஊடு இரிக்கு. கிணறு இரிக்கு. ஆளும் நிக்கிது. திகதியும் இரிக்கு." பிறகு நிமிர்ந்தார். "உறுதிப்படுத்தின சீல் எங்க?"

"சீல் இல்ல சேர். ஆனா ரெண்டு பக்கத்து எண்ணும் ஒண்டு. ஒரு எழுத்தும் மாறல்ல. வேணுமெண்டா இப்பவே திரும்பக் கணக்கிட்டுக் காட்டுறன்."

"புள்ள, நான் சொல்றதக் கேளுங்க. நான் ஒரு மனிசன். மனிசன் எண்ட முறையில இந்த ஊட்ட நான் கண்ணால கண்டன். ஆனா இந்தக் கதிரையில இரிக்கிறது தலைவர். தலைவர் உறுதிப்படுத்தின ஆவணத்த மட்டும்தான் காணலாம். அவர் இன்னும் ஒண்டும் காணல்ல." எழுதுகிறவரைப் பார்த்து, "படம் காணப்படவில்லை எண்டு எழுதுங்க" என்றார்.

கொம்பனியின் சட்டத்தரணி எழும்பி ஒரு தாளை நீட்டினார். தலைப்பில் 'மாங்கேணிக் காணி, 2003ஆம் ஆண்டு நிலைமை' என்று தட்டச்சு. கீழே முத்திரை, கையொப்பம். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. காணி வெறுமையாக இருந்தது என்பதைக் காட்டும் படமாம். நான் சிரித்துவிட்டேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

சீல் கபூர் மாஸ்டருடையது. அவரும் சாட்சிக்கு வந்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டார்கள். மனுசன் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"அவங்க ஒரு தாளும் அதிட கொப்பியும் கொண்டு வந்தாங்க. மூலத்திலயும் வெள்ள, கொப்பியிலயும் வெள்ள. நான் மேலிரிந்து கீழ வரைக்கும் அடிமட்டம் வச்சுப் பாத்த. ஒரு வித்தியாசமும் இல்ல. உண்மைப் பிரதிதான்."

"பிழை ஏதும்?"

"ஒரு பிழையும் இல்ல. நான் பாத்ததுல மிகச் சரியான கொப்பி இதுதான்" என்றார். சொல்லிவிட்டுச் சாமித்தம்பி அண்ணனின் பக்கம் பார்க்காமல் வெளியே போனார்.

தலைவர் அந்த வெள்ளைத் தாளை நெடுநேரம் பார்த்தார். அதைக் காண அவருக்கு அனுமதி இருந்தது. காணி ஆளில்லாத வெறுங்காணி என்று தீர்ப்பு எழுதப்பட்டது. மொத்தம் பதினெட்டு நிமிடம்.

வெளியே வந்ததும் சாமித்தம்பி அண்ணன் என்னிடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஏசினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மடிக்கணினியைக் காட்டி, "அத ஒருக்காத் திறங்க புள்ள" என்றார். மதிலோரத்து வேப்பமர நிழலில் வைத்துத் திறந்தேன். கிணற்றடியில் விரலை வைத்தார்.

"இது ஆர் தெரியுமா?"

"தெரியாது அண்ணன்."

"நிழலப் பாருங்க, காலம பத்து மணி இரிக்கும். பத்து மணிக்கு நாங்க எல்லாரும் கடல்ல. அந்த நேரம் அந்தக் கிணத்தடியில அன்னப்பூரணியத் தவிர வேற ஆரு நிக்கிற?" விரலை எடுக்கவில்லை. "என்ட மனுசிட படம் ஒண்டுமே என்னட்ட இல்ல புள்ள. கல்யாணப் படமும் கடலோடதான் போன."

அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, என் போன் வழியாக அவருடைய போனுக்கு அனுப்பினேன். நாலு செக்கன் போனது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெருப்பித்து, சிறுப்பித்து, திரும்பப் பெருப்பித்துப் பார்த்தார். காணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாழைச்சேனை பஸ் வந்தது, ஏறிப் போனார்.

கந்தோருக்குத் திரும்பியபோது உதயரூபன் எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். போயா அன்று ஓட்டியதற்கும் உறுதிப்படுத்தாத படத்தை மன்றத்தில் காட்டியதற்கும் விளக்கம் கேட்டார். "இந்தப் படத்துல வேற கொப்பி ஆர்கிட்டயாவது இரிக்கா மிஸ்?" என்றும் கேட்டார். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எங்கள் வீட்டில் பொய் சொல்லிப் பழக்கவில்லை. அந்தப் பழக்கம் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாமித்தம்பி அண்ணனின் போனில் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன்.

கொழும்பில் நான் அனுப்பிய ஆயிரத்து அறுநூற்றுப் பதினான்கு துண்டையும் அனுமதியற்றவை என்று குழு அழித்தது. முப்பத்தோராம் திகதி விளக்கேற்றிப் பழைய கிளஸ்டரை, அனுப்பி முடியாத படங்களோடு சேர்த்து, நிறுத்தினார்கள். மாங்கேணிக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போனது. 'தங்கள் வசமுள்ள அனுமதியற்ற வான்படப் பிரதி ஒன்றினை இக்கடிதம் கிடைத்து ஏழு நாட்களுக்குள் இவ்வலுவலகத்தில் ஒப்படைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றீர். தவறும் பட்சத்தில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'

அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே வந்தார். தோய்த்து ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சேட்டு, கையில் அந்தக் கடிதம் மடிப்புக் குலையாமல். இவ்வளவு நாளும் இருந்த அதே வாங்கில் முறை வரும்வரைக்கும் இருந்தார். முறை வந்ததும் எழும்பிப் போய்ப் போனை உதயரூபனின் மேசையில் வைத்தார்.

"எனக்கு இத எடுத்துத் தரத் தெரியாது ஐயா. நீங்களே எடுங்க" என்றார்.

உதயரூபன் படத்தைத் தேடிப் பிடித்தார். விரலால் ஒரு தட்டு, நிச்சயமா என்று போன் கேட்டது, இன்னொரு தட்டு. சாட்சிக் கையொப்பத்துக்கு என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் முடிய எனக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் கையொப்பம் வைத்தேன். இதை எழுதும்போதும் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 'பிரதி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று பற்றுச்சீட்டு எழுதிச் சீல் குத்திக் கொடுத்தார்கள். சாமித்தம்பி அண்ணன் நன்றி சொல்லிவிட்டு அதை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஆரிடமும் சொல்லாமல் பின்னால் ஓடினேன். பஸ் நிலையத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்கியது.

"அண்ணன், அண்டைக்கு அனுப்பின அந்தப் படம் என்ட போன்லயும் ஒண்டு இரிக்கு. எனக்கே இப்பதான் ஞாபகம் வந்த. அது அவங்களுக்குத் தெரியாது. இப்பவே அனுப்புறன், போன எடுங்க."

அவர் போனை எடுத்தார். வாழைச்சேனை பஸ்ஸுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டார். பிறகு அவர் போனைத் திரும்பப் பொக்கற்றில் வைத்தார்.

"வேணாம் புள்ள. மறுகா இன்னொரு கடிதம் வரும். இன்னொருக்கா அவளக் கொண்டு வந்து குடுக்க என்னால ஏலாது."

பஸ் வெளிக்கிட்டது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.